ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா: காலடியில் நாடு மாறிக்கொண்டே இருந்த ஒரு கால்பந்து கிளப்

கேள்வி இதுதான்: "2024-25 சாம்பியன்ஸ் லீகில் எட்டு ஆட்டமும் தோற்று ஒரு புள்ளிகூட எடுக்காத ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா, ஒரு காலத்தில் பார்சிலோனாவையே தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பை வாங்கியது என்று படித்தேன். நம்ப முடியவில்லை. இந்த கிளப்பின் வரலாறு என்ன?"

நம்பலாம். 1969 மே 21, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம், கப் வின்னர்ஸ் கப் (அந்தந்த நாட்டுக் கோப்பையை வென்ற கிளப்புகள் மோதிய ஐரோப்பியப் போட்டி) இறுதி ஆட்டம், ஸ்லோவான் 3, பார்சிலோனா 2. செக் மண்ணிலிருந்தோ ஸ்லோவாக் மண்ணிலிருந்தோ யூஃபாவின் (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு) பெரிய கோப்பை ஒன்றை வென்ற ஒரே கிளப் இன்றுவரை ஸ்லோவான்தான். ஸ்பார்ட்டா பிராகா, ஸ்லாவியா, டுக்லா எல்லாம் செக் தலைநகர் பிராகாவின் பெரிய பெயர்கள். அவர்களிடம் இது கிடையாது.

அந்த அணி எப்படி இந்த அணி ஆனது என்பதற்கு மைதானத்துக்குள் மட்டும் விடை தேடினால் கிடைக்காது. நூறு ஆண்டுகளில் இந்த கிளப் ஊரை மாற்றவில்லை, ஆனால் அது ஆடிய நாடு திரும்பத் திரும்ப மாறியது. ஒவ்வொரு மாற்றமும் அதற்கு ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பறித்துக்கொண்டது. அதனால் கொஞ்சம் ஊர்க்கதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்று ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவா, முதல் உலகப் போர் முடியும்வரை ஹங்கேரி ராஜ்ஜியத்தின் ஊர். ஜெர்மானியர்களுக்கு அது பிரெஸ்பர்க், ஹங்கேரியர்களுக்கு போஜோன். 1910 மக்கள்தொகைக் கணக்கின்படி ஊரில் ஸ்லோவாக்கியர்கள் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கால்பந்தும் அப்படித்தான்: ஏற்கனவே இருந்த கழகங்கள் ஹங்கேரியர்களுடையதும் ஜெர்மானியர்களுடையதும். 1918 இறுதியில் செக்கோஸ்லோவாக்கியா என்ற புதிய நாடு பிறந்தது. 1919 தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக் படை ஊருக்குள் வந்தது. மார்ச்சில் பிராட்டிஸ்லாவா என்ற பெயர் அதிகாரபூர்வமானது. அடுத்த சில வாரங்களில், மே 3ஆம் தேதி, பனோனியா என்ற காபி கடையில் கூடியவர்கள் ஒரு விளையாட்டுக் கழகத்தைத் தொடங்கினார்கள். பெயர்: முதல் செக்கோஸ்லோவாக் விளையாட்டுக் கழகம், பிராட்டிஸ்லாவா. அந்தப் பெயரே ஓர் அரசியல் அறிக்கை. இந்த ஊர் இனி யாருடையது என்று பழைய கழகங்களுக்குச் சொல்வதற்காகவே வைத்தது போல இருக்கும். வெள்ளையும் வான் நீலமும் அணியின் நிறங்களாயின. ரசிகர்கள் இன்றும் அணியை 'பெலாசி' என்கிறார்கள், நீலக்காரர்கள் என்பது போல.

1920களில் ஸ்லோவாக்கிய அளவிலான சாம்பியன்ஷிப்பை அது பலமுறை வென்றது. ஆனால் உண்மையான கால்பந்து பிராகாவில் நடந்துகொண்டிருந்தது. ஸ்பார்ட்டாவும் ஸ்லாவியாவும் அந்தக் காலத்து ஐரோப்பாவின் தலைசிறந்த அணிகளில் இருந்தன. அவர்கள் ஆடிய தொழில்முறை தேசிய லீகில் 1935-36 சீசன்வரை ஒரு ஸ்லோவாக்கிய கிளப்கூட இல்லை. முதலில் உள்ளே போனது இந்த பிராட்டிஸ்லாவா அணிதான்.

நாலு வருஷம்கூட நிம்மதியாக ஆடவில்லை. 1938 மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு டான்யூப் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பெத்ர்ஷால்கா பகுதியை ஜெர்மனி எடுத்துக்கொண்டது. ஊரின் விளையாட்டு மைதானங்கள் அந்தக் கரையில்தான் இருந்தன. அதாவது ஒரு கிளப்பின் மைதானம் ஒரே இரவில் வெளிநாட்டுக்குப் போய்விட்டது. 1939 மார்ச்சில் ஹிட்லரின் நிழலில் ஸ்லோவாக் அரசு என்ற தனி நாடு அறிவிக்கப்பட்டது. பெயரிலிருந்த 'செக்கோ' கழன்று எஸ்.கே. பிராட்டிஸ்லாவா ஆனது. ஆற்றின் இந்தப் பக்கம் தெஹெல்னே போலே பகுதியில் புது ஸ்டேடியம் கட்ட ஆரம்பித்தார்கள். 1940 அக்டோபரில் பெர்லினின் ஹெர்த்தா அணியோடு அங்கே முதல் சர்வதேச ஆட்டம். ஸ்லோவானின் வீடு என்று எல்லோரும் சொல்லும் இடம் இப்படி ஓர் ஆக்கிரமிப்பின் பக்கவிளைவாக வந்ததுதான்.

போர்க்கால ஸ்லோவாக் லீகை எஸ்.கே. பிராட்டிஸ்லாவா நாலு முறை வென்றது: 1940, 1941, 1942, 1944. பிராகா அணிகள் இல்லாத லீக். கிளப்புக்கு எத்தனை பட்டம் என்று தேடினால் இடத்துக்கு இடம் வேறு வேறு எண் வருவது பாதி இதனால்தான். இந்த நாலைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். நான் சேர்ப்பதில்லை. நாட்டின் யூதக் குடிமக்களை ரயிலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த ஆண்டுகளில், போட்டியாளர்களில் பாதியை வெட்டியெறிந்துவிட்டு நடத்திய லீக் அது.

போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியா திரும்ப ஒட்டப்பட்டது. இப்போதுதான் கதை சூடுபிடிக்கிறது.

1946இல் ஹங்கேரியின் ஃபெரென்ச்வாரோஷ் அணியிலிருந்து ஓர் இளைஞன் பிராட்டிஸ்லாவாவுக்கு வந்தான். புடாபெஸ்டில் பிறந்தவன், பெற்றோர் ஸ்லோவாக் வேர் உள்ளவர்கள், ஹங்கேரியின் ராணுவச் சேவையைத் தவிர்க்க எல்லை தாண்டினான் என்பார்கள். பெயர் லாஸ்லோ குபாலா, ஸ்லோவாக்கியர்களுக்கு லாதிஸ்லாவ். அணியின் பயிற்சியாளர் ஃபெர்டினாண்ட் டவுச்சீக். அவருடைய தங்கையையே குபாலா கல்யாணம் செய்துகொண்டார். செக்கோஸ்லோவாக்கியத் தேசிய அணிக்கும் ஆறு ஆட்டம் ஆடினார். 1948இல் ஹங்கேரிக்குத் திரும்பிப் போய், 1949 தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து மேற்கே தப்பினார். டவுச்சீக்கும் தப்பினார். மச்சானும் மாப்பிள்ளையும் இத்தாலியில் ஒன்று சேர்ந்து, அகதி ஆட்டக்காரர்களைக் கொண்டு ஹங்காரியா என்று ஓர் அணியை உருவாக்கி ஊர் ஊராகக் காட்சி ஆட்டம் ஆடினார்கள். அங்கிருந்து ஸ்பெயின். 1950இல் குபாலா பார்சிலோனாவில் கையெழுத்துப் போட்டார், டவுச்சீக் அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்: குபாலாவைப் பார்க்க வந்த கூட்டத்துக்குப் பழைய மைதானம் போதாமல்தான் காம்ப் நோ கட்டினார்கள் என்று பார்சிலோனாக்காரர்கள் சொல்வார்கள். அதன் வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆக, பார்சிலோனாவின் பெரிய நாயகனும் அவனை வழிநடத்திய கோச்சும் பிராட்டிஸ்லாவாவிலிருந்து போனவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு 1969க்கு வாருங்கள், அந்த இறுதி ஆட்டம் வேறு மாதிரித் தெரியும்.

இவர்கள் இருவரும் போன பிறகும் அணி சரியவில்லை என்பதுதான் வியப்பு. கம்யூனிஸ்டுகள் எல்லாக் கழகங்களையும் சோகோல் என்ற உடற்பயிற்சி அமைப்புக்குள் அடைத்தார்கள், சோகோல் என்.வி. பிராட்டிஸ்லாவா என்று பெயர் மாறிய இந்த அணி 1949, 1950, 1951 என்று வரிசையாக மூன்று லீக் பட்டம் வாங்கியது. செக்கோஸ்லோவாக் லீகை வென்ற முதல் ஸ்லோவாக்கிய கிளப். பிராகாவின் ஏகபோகம் உடைந்தது. 1953இல் ஸ்லோவான் என்ற பெயர் வந்தது, 1955இல் நாலாவது பட்டம். அதன் பலனாக 1956-57 ஐரோப்பியக் கோப்பையில் (இன்றைய சாம்பியன்ஸ் லீகின் பழைய வடிவம்) ஆடினார்கள். வார்சாவின் ராணுவ அணியை (இன்றைய லெகியா) சொந்த மண்ணில் 4-0 அடித்து முதல் சுற்றைக் கடந்தார்கள், அடுத்த சுற்றில் சூரிக்கின் கிராஸ்ஹாப்பர்ஸிடம் வெளியேறினார்கள்.

அடுத்த பட்டத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த இடைவெளியில் ஸ்லோவானின் ஆட்கள் உலகக் கோப்பை இறுதியில் நின்றார்கள். 1962 சிலி உலகக் கோப்பையில் செக்கோஸ்லோவாக்கியா இறுதிவரை போனது பெருமளவு கோல்கீப்பர் விலியம் ஷ்ரோய்ஃபின் கைகளால். காலிறுதியில் ஹங்கேரி அடித்த அடியை எல்லாம் தடுத்து 1-0 என்று வெல்ல வைத்தார். இறுதியில் பிரேசிலிடம் 3-1 தோல்வி. அதில் மூன்றாவது கோல், உயரமாக வந்த பந்து ஷ்ரோய்ஃபின் கையிலிருந்து நழுவி வாவாவின் காலில் விழுந்தது. தொடர் முழுவதும் காப்பாற்றியவரை அந்த ஒரு நழுவலுக்காகப் பலர் நினைவில் வைத்திருப்பது எனக்கு எப்போதும் அநியாயமாகவே படும்.

அதே அணியின் நடுத் தடுப்பாட்டக்காரர் யான் போப்லுஹார், ஸ்லோவானின் ஆள். பிரேசிலுடன் லீக் சுற்றில் மோதியபோது பெலேவுக்குத் தொடையில் தசை கிழிந்தது. மாற்று ஆட்டக்காரர் அனுமதி இல்லாத காலம். நொண்டிக்கொண்டே ஓரமாக நின்றார். அவரிடம் பந்து வரும்போதெல்லாம் செக்கோஸ்லோவாக் வீரர்கள் மேலே விழாமல் விலகி நின்று விட்டுக்கொடுத்தார்கள். அவர்களில் போப்லுஹாரும் ஒருவர். பெலே அதைக் கடைசிவரை நன்றியோடு சொன்னார். 2000இல் ஸ்லோவாக்கியாவின் நூற்றாண்டின் சிறந்த கால்பந்து வீரராகத் தேர்வானவர் போப்லுஹார்தான். ஆனால் விதியைப் பாருங்கள்: 1968இல் அவர் பிரான்சின் லியோன் அணிக்குப் போய்விட்டார். ஸ்லோவானின் மிகப் பெரிய கோப்பை வந்தது அதற்கு அடுத்த மே மாதம்.

இப்போது 1968-69.

1968இல் செக்கோஸ்லோவாக் கோப்பையை வென்றதால் ஸ்லோவான் கப் வின்னர்ஸ் கப்புக்குத் தகுதி பெற்றது. ஆகஸ்ட் 21 அதிகாலை சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் நாட்டுக்குள் நுழைந்தன. மேற்கு ஐரோப்பிய கிளப்புகள், படையெடுத்த நாடுகளின் அணிகளோடு ஆட மாட்டோம் என்று கொடி பிடித்தன. யூஃபா முதல் சுற்றுச் சீட்டைக் குலுக்கிக் கிழக்கைக் கிழக்கோடும் மேற்கை மேற்கோடும் மோதவிட்டது. அதற்கு எதிர்ப்பாக சோவியத் யூனியன், ஹங்கேரி, போலந்து, பல்கேரியா, கிழக்கு ஜெர்மனி ஆகியவை தங்கள் கிளப்புகளை விலக்கிக்கொண்டன. படையெடுக்கப்பட்ட நாடு விலகவில்லை. தெருவில் அந்நிய டாங்கிகள் நின்ற நாட்டின் அணி ஐரோப்பாவில் ஆடியது, டாங்கி அனுப்பியவர்களின் அணிகள் வீட்டில் இருந்தன.

சிலர் இதைக் காட்டி, போட்டியாளர்கள் குறைந்ததால்தான் ஸ்லோவான் ஜெயித்தது என்பார்கள். வந்த வழியைப் பாருங்கள். முதலில் யுகோஸ்லாவியாவின் போர் (Bor) என்ற ஊரின் அணி: 3-0, 0-2. அடுத்து போர்ச்சுகலின் போர்த்தோ: அங்கே 0-1 தோற்று வந்து இங்கே 4-0. காலிறுதியில் இத்தாலியின் தொரினோவை இரண்டு ஆட்டத்திலும் வென்றார்கள். அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின்: அங்கே 1-1, பிராட்டிஸ்லாவாவில் 1-0. இத்தாலிய அணியைப் போகவரத் தோற்கடிப்பது அந்தக் காலத்தில் லேசான வேலை இல்லை.

இறுதிக்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 17ஆம் தேதி, அலெக்சாண்டர் துப்செக் கட்சித் தலைமையிலிருந்து இறக்கப்பட்டு ஹூசாக் வந்தார். பிராகா வசந்தம் என்று அழைக்கப்பட்ட, துப்செக்கின் சீர்திருத்தக் காலம் அதோடு முடிந்தது. அந்த மனநிலையில் இருந்த ஊரிலிருந்துதான் அணி பாசலுக்குக் கிளம்பியது. எதிரே பார்சிலோனா, ஸ்டேடியத்தில் இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கூட்டம்.

இரண்டாவது நிமிடம். லுதோவீத் ஸ்வெட்லர் கோல். பார்சிலோனா சுதாரித்து 16ஆம் நிமிடத்தில் ஸால்துவா மூலம் சமன் செய்தது. வழக்கமாக இங்கேதான் சின்ன அணி பின்வாங்கிக் கதவைச் சாத்தும். பயிற்சியாளர் மிஹல் விச்சானின் ஆட்கள் சாத்தவில்லை. 30ஆம் நிமிடத்தில் கோல் அடித்தது யார் தெரியுமா? விளாதிமீர் ஹ்ரிவ்னாக், தடுப்பாட்டக்காரர். பின்வரிசையில் நிற்க வேண்டியவர் எதிரணிப் பெட்டிக்குள் போய் அடித்தார். 42ஆம் நிமிடத்தில் இடது விங்கர் யான் சாப்கோவிச் மூன்றாவது. இடைவேளைக்கு 3-1. 52ஆம் நிமிடத்தில் கார்லஸ் ரெக்ஸாச் கார்னரிலிருந்து நேரடியாகவே பந்தை வளைத்து வலைக்குள் போட்டார், 3-2. மீதமிருந்த முப்பத்தெட்டு நிமிடத்தைக் கோல்கீப்பர் அலெக்சாண்டர் வென்செலும் கேப்டன் அலெக்சாண்டர் ஹோர்வாத்தும் தாங்கினார்கள். யூஃபாவின் போட்டி ஒன்றில் கோப்பை தூக்கிய முதல் கிழக்கு முகாம் அணி. மாக்டபர்க் 1974இலும் டைனமோ கீவ் 1975இலும் அதே கோப்பையை எடுத்தது இவர்கள் போட்ட பாதையில்தான்.

அடுத்த சீசனில் முதல் சுற்றிலேயே டைனமோ ஜாக்ரெப்பிடம் தோற்று வெளியேறினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதையை இனிப்பாக மட்டும் சொல்லக் கூடாது.

ஸ்லோவானை மட்டும் பார்த்தால் அந்தக் காலத்தின் பாதிதான் தெரியும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி திர்னாவா என்ற சின்ன ஊர். அதன் ஸ்பார்டாக் திர்னாவா அணி அதே 1968-69இல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதிவரை போய், ஆம்ஸ்டர்டாமில் 3-0 தோற்று, சொந்த மண்ணில் அயாக்ஸை 2-0 வென்று, ஒரே ஒரு கோலில் இறுதியைத் தவறவிட்டது. உள்ளூர் லீகைப் பாருங்கள்: 1968, 1969 திர்னாவா, 1970 ஸ்லோவான், 1971, 1972, 1973 திர்னாவா, 1974, 1975 ஸ்லோவான். எட்டு ஆண்டு தொடர்ந்து பட்டம் ஸ்லோவாக்கியாவில், அதுவும் இந்த இரண்டு ஊருக்குள். பிராகா வேடிக்கை பார்த்தது. இந்த இரண்டு அணிகளும் ஒன்றையொன்று உரசியே கூர்மையானவை என்பது என் எண்ணம். இன்றும் ஸ்லோவாக்கியாவில் டெர்பி என்றால் ஸ்லோவான்–திர்னாவாதான். போலீஸ் படையே இறங்கும்.

அந்தத் தலைமுறையின் உச்சம் கிளப் சட்டையில் வரவில்லை, தேசியச் சட்டையில் வந்தது. 1976 ஜூன் 20, பெல்கிரேட், தேசிய அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை (யூரோ) இறுதி, எதிரே உலகச் சாம்பியன் மேற்கு ஜெர்மனி. செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்ட அந்தப் பெனால்ட்டியை எல்லோருக்கும் தெரியும். அன்று களமிறங்கிய பதினோரு பேரில் ஆறு பேர் ஸ்லோவான் ஆட்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பிவார்னீக், ஒந்த்ருஷ், யோசெஃப் சாப்கோவிச், கோக், மஸ்னி, ஷ்வெஹ்லீக். தடுப்பு வரிசை முழுவதுமே ஸ்லோவான். கேப்டன் ஒந்த்ருஷ். முதல் கோல் ஷ்வெஹ்லீக். யோசெஃப், பாசலில் கோல் அடித்த யானின் இரட்டைச் சகோதரர். துணைப் பயிற்சியாளராக இருந்த யோசெஃப் வெங்லோஷ், 1974, 1975 பட்டங்களில் ஸ்லோவானை நடத்தியவர். இவர் 1990இல் ஆஸ்டன் வில்லாவுக்குப் போய், இங்கிலாந்து முதல் டிவிஷனில் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே பிறந்த முதல் மேனேஜர் ஆனார்.

ஒந்த்ருஷ் பற்றி ஒன்று. ஹாலந்துடன் அரையிறுதியில் முதல் பாதியில் தலையால் முட்டிக் கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் தவறிச் சொந்த வலைக்குள்ளும் அடித்தார். தொண்ணூறு நிமிட முடிவில் 1-1, இரண்டும் அவருடையது. கூடுதல் நேரத்தில் 3-1 என்று ஜெயித்ததால் தப்பித்தார்.

அதற்குப் பிறகு நீண்ட இறக்கம். 1982இல் ஒரு கோப்பை, அவ்வளவுதான். 1980களின் நடுவில் இரண்டாம் பிரிவுக்கே இறங்கிப் போனார்கள், 1988இல்தான் திரும்பினார்கள். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பி வந்தவர்களோடு ஒரு பையன் வந்தான்: பீட்டர் துபோவ்ஸ்கி. பிராட்டிஸ்லாவாவில் 1972இல் பிறந்தவர். 1991-92 சீசனில் 27 கோல். துஷான் காலிஸ் பயிற்சியில் ஸ்லோவான் லீக் வென்றது. அது ஸ்லோவானின் எட்டாவது செக்கோஸ்லோவாக் பட்டம், கடைசியும்கூட. அதன் பின் 1992 செப்டம்பரில் ஐரோப்பியக் கோப்பையில் ஃபெரென்ச்வாரோஷை 4-1 வென்ற ஆட்டம், ஆட்டத்துக்காக நினைவில் இல்லை. தெஹெல்னே போலேயில் முகமூடி போட்ட போலீஸ் கமாண்டோக்கள் ஹங்கேரி ரசிகர்களை அடித்து நொறுக்கியதற்காக நினைவில் இருக்கிறது. நாடு பிரியப்போகிற நேரம், இரண்டு இனங்களுக்கிடையே உரசல் கூடியிருந்த நேரம். அடுத்த சுற்றில் மிலான் வந்து முடித்துவைத்தது. 1993இல் துபோவ்ஸ்கி ரியல் மாட்ரிட் போனார். அங்கே நிலைக்கவில்லை, ஒவியெதோவில் நன்றாக ஆடினார். 2000 ஜூனில் தாய்லாந்தில் விடுமுறையின்போது அருவியில் வழுக்கி விழுந்து இறந்தார், வயது 28.

1993 ஜனவரி 1: ஸ்லோவாக்கியா தனி நாடு. கிளப் வரலாற்றின் பெரிய முரண் இங்கே தொடங்குகிறது. முன்பு பிராகாவையும் ஒஸ்த்ராவாவையும் தாண்டித்தான் பட்டம் வாங்க வேண்டும். இனி 54 லட்சம் மக்கள் உள்ள நாட்டுக்குள் போட்டி. 1994, 1995, 1996 என்று மூன்று பட்டம் சுலபமாக வந்தது, 1999இல் இன்னொன்று. ஆனால் டிக்கெட் வருமானமும் டிவி பணமும் சுருங்கின. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் கட்டணமின்றி வேறு கிளப்புக்குப் போகலாம் என்ற 1995 பாஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு நல்ல பையன்கள் இருபது வயதிலேயே மேற்கே போனார்கள். லீக் சின்னதாக ஆக, சாம்பியனும் சின்னதானது. கணக்கைப் பாருங்கள்: சாம்பியன்ஸ் லீகில் முதலில் நுழைந்த ஸ்லோவாக்கிய கிளப் கோஷிட்சே, 1997-98இல், ஆறு ஆட்டமும் தோல்வி. 2010-11இல் ஜிலினா, ஆறும் தோல்வி. 2024-25இல் ஸ்லோவான், எட்டும் தோல்வி. ஆகவே அந்தப் பூஜ்யம் ஸ்லோவானின் தனிக் குறை இல்லை. லீகின் அளவு அது.

விதிவிலக்கு ஒன்றுண்டு, ஸ்லோவான் ரசிகர்களுக்கு அதுதான் அதிகம் வலிக்கும். 2004இல் ஸ்லோவான் கடனிலும் நிர்வாகக் குழப்பத்திலும் சிக்கி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. சரியாக அந்த நேரத்தில் ஆற்றின் அந்தக் கரையிலிருந்த ஆர்ட்மீடியா என்ற சின்ன அணி, விளாதிமீர் வைஸின் பயிற்சியில், 2005இல் செல்ட்டிக்கை 5-0 அடித்துச் சாம்பியன்ஸ் லீகுக்குள் போனது. போர்த்தோவை அதன் ஊரிலேயே 3-2 வென்றது. ஆறு புள்ளி எடுத்தது. அந்த ஆட்டங்களைப் பெத்ர்ஷால்காவில் நடத்த முடியாததால் தெஹெல்னே போலேயில் நடத்தினார்கள். ஸ்லோவானின் வீட்டில் சாம்பியன்ஸ் லீக் கீதம் ஒலித்தபோது ஸ்லோவான் இரண்டாம் பிரிவில் சிற்றூர் அணிகளோடு ஆடிக்கொண்டிருந்தது.

2006இல் மேலே ஏறினார்கள். அச்சுத் தொழிலிலும் பத்திரிகை விநியோகத்திலும் பெரிய ஆளான இவான் க்மோத்ரீக் கிளப்பை எடுத்துக்கொண்ட பிறகு பணம் வந்தது, 2009இல் பட்டம். அதே ஆண்டோடு பழைய ஸ்டேடியத்தை விட்டு, பக்கத்திலேயே இருக்கும் பாசியென்கி மைதானத்துக்கு, அதாவது பழைய உள்ளூர் எதிரி இன்டர் பிராட்டிஸ்லாவாவின் வீட்டுக்குக் குடிபோனார்கள். ஒரு காலத்தில் 45,000 பேர் நின்ற தெஹெல்னே போலே 2013இல் இடிக்கப்பட்டது. சில ஆண்டு வெறும் காலி மனை. அந்தக் குடியிருப்புக் காலத்திலும் ஒரு நல்ல இரவு உண்டு: 2011 யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ரோமாவைச் சொந்த மண்ணில் 1-0 வென்று, ரோமில் 1-1 சமன் செய்து வெளியேற்றினார்கள். புது ஸ்டேடியம் 2019 மார்ச் 3ஆம் தேதி திறந்தது, 22,500 இருக்கை. முதல் எதிரணி யார் என்று சொல்ல வேண்டியதில்லை: திர்னாவா.

அந்த சீசனிலிருந்து 2025வரை ஏழு பட்டம் தொடர்ச்சியாக. அதுவரை ஸ்லோவாக் லீக் பட்டம் மொத்தம் பதினைந்து. எட்டு செக்கோஸ்லோவாக் பட்டத்தோடு சேர்த்தால் 23, போர்க்கால நாலையும் சேர்ப்பவர்களுக்கு 27. எடை போட்டுப் பார்த்தால் அந்த எட்டு இந்தப் பதினைந்தைவிடக் கனம் என்பேன்.

2024-25 பற்றி நேரடியாகச் சொல்ல வேண்டும். தகுதிச் சுற்றில் நாலு அணிகளைத் தாண்டி வந்தார்கள்: ஸ்ட்ரூகா, செல்யே, அப்போயல், மிட்யுலன். அதுவே சாதனை. பயிற்சியாளர் அதே விளாதிமீர் வைஸ், ஆர்ட்மீடியாவை அழைத்துப்போனவர்; 2010 உலகக் கோப்பையில் ஸ்லோவாக்கியா இத்தாலியை 3-2 வீழ்த்தியபோதும் பயிற்சியாளர் அவரே. அணியில் அவருடைய மகன், அவர் பெயரும் விளாதிமீர் வைஸ், ஒரு காலத்தில் மான்செஸ்டர் சிட்டியில் ஆடியவர். தாத்தாவும் அதே பெயரில் செக்கோஸ்லோவாக் வீரர். ஸ்லோவாக்கியாவில் வைஸ் என்றால் எந்த வைஸ் என்று கேட்டுத்தான் பேச வேண்டும். ஆட்டங்களில் செல்ட்டிக்கிடம் 1-5, சிட்டியிடம் 0-4, ஜாக்ரெப்பிடம் 1-4. மிலானிடம் 2-3 மட்டும்தான் ஒரு கோல் வித்தியாசத் தோல்வி. மொத்தம் 7 கோல் அடித்து 27 வாங்கினார்கள்.

ஆனால் அந்தச் சுற்றில் கலந்துகொண்டதற்கு மட்டும் ஒவ்வொரு கிளப்புக்கும் யூஃபா கொடுத்தது 1 கோடியே 86 லட்சம் யூரோ. ஸ்லோவாக் லீகில் வேறு எந்த அணியும் கனவில்கூடப் பார்க்காத தொகை. எட்டுத் தோல்வியிலும் கிளப் உள்ளூரில் இன்னும் எட்டாத உயரத்துக்குப் போனது அப்படித்தான். நாட்டின் மற்ற அணிகளுக்கும் ஸ்லோவானுக்கும் இடைவெளி கூடக் கூட, வார இறுதி ஆட்டங்கள் இன்னும் சுலபமாகும். சுலபமான ஆட்டம் ஆடிப் பழகிய கால்கள் புதன்கிழமை இரவில் பயர்னிடம் போய் என்ன செய்யும்? 1969இன் அணியை உருவாக்கியது ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் தன்னைவிட வலுவாக இருந்த ஓர் எதிரி. 2022, 2023 இரண்டு ஆண்டும் ஸ்லோவாக் கோப்பை இறுதியில் கூடுதல் நேரம்வரை இழுத்து ஸ்லோவானைத் தோற்கடித்தது அதே திர்னாவாதான். ஸ்லோவானுக்கு இப்போது தேவை இன்னொரு விலையுயர்ந்த ஸ்ட்ரைக்கர் இல்லை, அப்படிப்பட்ட திர்னாவா லீகிலும் ஆண்டு முழுக்கத் துரத்த வேண்டும். அது ஸ்லோவான் கையில் இல்லை என்பதுதான் சிக்கல்.